எர்க் சென்சார் செல்களில் புற்றுநோய் மருந்தைச் சோதிப்பது: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

செல்லின் உயிர்ப்பை அளக்கும் எம்டிடி சோதனை போட்டு மூன்று நாள் காத்திருந்தால் செல் செத்ததா பிழைத்ததா என்பது தெரியும். மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்பது தெரியாது. 10 மைக்ரோமோலார் போட்டால் பல மருந்துகள் ஏதோ ஒரு வழியில் செல்லைக் கொல்லும். ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப், ட்ரமெடினிப் போல ஒரு குறிப்பிட்ட கைனேஸைக் (பிற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதியை) குறிவைக்கும் மருந்துகளுக்கு, அந்தக் கைனேஸ் இயக்கும் சமிக்ஞைப் பாதை அடங்கியதா என்பதை உயிருள்ள செல்லிலேயே முதல் ஒரு மணி நேரத்தில் காட்டும் முறை வேண்டும். அதற்குத்தான் எர்க்-கேடிஆர் எனப்படும் சென்சார். ஈஜிஎஃப்ஆர், ராஸ், பிராஃப், மெக் என்று மேலிருந்து கீழாக வரும் அந்தப் பாதையின் கடைசிக் கைனேஸ்தான் எர்க்.

அது வேலை செய்யும் விதம் எளிது. பச்சை ஒளிரும் புரதத்தோடு எர்க் வந்து ஒட்டும் ஒரு துண்டு இணைக்கப்பட்டிருக்கும். எர்க் துடிப்பாக இருந்தால் அந்தத் துண்டில் பாஸ்பேட் ஏறும், சென்சார் உட்கருவை விட்டு வெளியேறும். எர்க் அடங்கினால் உள்ளே திரும்பும். நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் நடுவில் இருட்டு, சுற்றிலும் பச்சை. மெக் தடுப்பு மருந்து பட்ட அரை மணி நேரத்தில் நடுப்பகுதி பச்சையாகிச் சுற்றுப்புறம் மங்கிவிடும். சைட்டோபிளாசத்தின் ஒளியை உட்கருவின் ஒளியால் வகுத்தால் வரும் எண்தான் உங்கள் அளவீடு.

இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்து இதைத் தொடங்குபவர்களுக்காக எழுதியது இது. செல் வளர்ப்பு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

1. முதலில் செல், மருந்து அப்புறம்

ஒரே ஒரு செல் வகையை வைத்துக்கொண்டு இலக்கு பற்றி எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். ஈஜிஎஃப்ஆர் மருந்துகளுக்கு இந்த மூன்றும் போதும்:

பிசி-9: ஈஜிஎஃப்ஆரில் எக்சான் 19 நீக்கம். ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் இரண்டுக்கும் அடங்கும்.
எச்1975: எல்858ஆர் மாற்றத்தோடு டி790எம்மும் உண்டு. ஜெஃபிடினிப்புக்கு அசையாது, ஓசிமெர்டினிப்புக்கு அடங்கும்.
ஏ549: ஈஜிஎஃப்ஆர் இயல்பானது, ஆனால் ராஸ் வகையான கேராஸில் ஜி12எஸ் மாற்றம். சமிக்ஞை ஈஜிஎஃப்ஆருக்குக் கீழேயிருந்து கிளம்புவதால் மேலே அடைத்தாலும் எர்க் பெரிதாகக் குறையாது.

மூன்றிலும் எர்க் அடங்கினால் உங்கள் மருந்து ஈஜிஎஃப்ஆர் வழியாக மட்டும் வேலை செய்யவில்லை. மெக்கையோ எர்க்கையோ தொடுகிறது, அல்லது செல்லையே நாசம் செய்கிறது. பிராஃப் மருந்துகளைப் பார்ப்பதானால் வி600ஈ மாற்றம் உள்ள ஏ375 மெலனோமா செல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: வெமுராஃபெனிபை ஏ549 போன்ற ராஸ் மாற்றச் செல்லில் போட்டால் எர்க் குறைவதற்குப் பதில் ஏறும். அது பிளேட்டில் நடந்த தவறு அல்ல, அந்த மருந்தின் குணமே அது. அந்தக் குழிகளை அழித்துவிடாதீர்கள்.

2. காகித வேலை: மாதக்கணக்கில் இழுப்பது இதுதான்

பெஞ்சில் ஆகும் தாமதத்தைவிடக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் தாமதம் அதிகம். கீழே உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாமல் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கிளப்பிவிடுங்கள்.

உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி: சென்சார் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோக லென்டிவைரஸ் பயன்படுத்துவதால் நிறுவனத்தின் ஐபிஎஸ்சி அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. விண்ணப்பத்தில் வெக்டர் வரைபடம், செருகப்படும் மரபணு, எந்தச் செல்லில் போகிறது, ஒரு தடவைக்கு எத்தனை மில்லி வைரஸ், பிஎஸ்எல்-2 அறை விவரம், கழிவை அழிக்கும் முறை, சிந்தினால் என்ன செய்வீர்கள் ஆகிய எல்லாம் கேட்பார்கள். குழு தினமும் கூடுவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு கோப்பு போக வேண்டும் என்பதை உறுப்பினர் செயலரிடம் முதலில் கேளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விண்ணப்பத்தின் தலைப்பை அகலமாக எழுதுங்கள். 'எர்க்-கேடிஆர் சென்சார்' என்று மட்டும் எழுதினால், நாளைக்கு ஜேஎன்கே என்ற வேறொரு கைனேஸுக்குச் சென்சார் வேண்டும் என்றால் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும். 'மனிதப் புற்றுநோய் செல் வகைகளில் லென்டிவைரஸ் வழியாகக் கைனேஸ் ஒளிர் சென்சார்கள்' என்று எழுதி, பட்டியலை இணைப்பில் கொடுங்கள்.

பிளாஸ்மிட் ஒப்பந்தம்: சென்சார் மரபணுவைத் தாங்கிய வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட், ஆட்ஜீன் என்ற பிளாஸ்மிட் களஞ்சியத்தில் கிடைக்கிறது. பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் உங்கள் வழிகாட்டி கையெழுத்திட்டால் போதாது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரின் மின்னஞ்சலுக்குத்தான் அது போகும். அவர் யார் என்றே பல இடங்களில் தெரியாமல், மின்னஞ்சல் எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கும். ஆர்டர் போடும் முன்பே பதிவாளர் அலுவலகத்திலோ ஆய்வுப் பிரிவிலோ ஆளைக் கண்டுபிடித்து வையுங்கள். இறக்குமதிக்கும் ஐபிஎஸ்சி பரிந்துரை வேண்டும். 2020-இல் வந்த எளிமைப்படுத்தலின்படி, ஆபத்துப் பிரிவு 1, 2 சார்ந்த பொருள்களின் இறக்குமதிக்கு ஐபிஎஸ்சியே அனுமதி தரலாம். மேலே, மரபணு மாற்ற ஆய்வுகளை மேற்பார்வையிடும் மத்தியக் குழுவான ஆர்சிஜிஎம்முக்குப் போக வேண்டியது ஆபத்துப் பிரிவு 3-உம் அதற்கு மேலும்தான்.

சென்சார், உட்கருவைச் சிவப்பாகக் காட்டும் எச்2பி பிளாஸ்மிட், பொதி பிளாஸ்மிட்டுகளான பிஎஸ்பேக்ஸ்2, பிஎம்டி2.ஜி ஆகிய நான்கையும் ஒரே ஆர்டரில் வாங்குங்கள். ஒற்றை பிளாஸ்மிட்டுக்குத் தனியாகக் கூரியர் கட்டுவது வீண்செலவு.

செல் வகை: புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் களஞ்சியத்தில் முதலில் விசாரியுங்கள். அங்கே இல்லாததற்கு மட்டும் வெளிநாடு. எங்கிருந்து வந்தாலும் செல்லின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்டிஆர் அறிக்கை கேட்டு வாங்குங்கள். பக்கத்து ஆய்வகத்து நண்பர் ஒரு வயல் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எஸ்டிஆரும் மைக்கோபிளாஸ்மா பிசிஆரும் முடியும்வரை அது உங்கள் இன்குபேட்டருக்குள் போகக் கூடாது.

கொள்முதல்: கருப்புச் சுவர் கொண்ட, அடி தெளிவான 96 குழி பிளேட் சாதாரண பிளேட்டைவிடப் பல மடங்கு விலை. செலவு அதிகம் போகும் இடங்கள் மூன்று: இந்த பிளேட், எஃப்பிஎஸ் (கன்றுக் கருச் சீரம்), நுண்ணோக்கி நேரக் கட்டணம். மருந்து அல்ல. சோதனைக்கு வேண்டியது 5 மில்லிகிராம்தான், அது ஆண்டுக்கணக்கில் வரும். எஃப்பிஎஸ் வாங்கும்போது ஒரே லாட்டில் திட்டம் முடியும்வரை போதுமான அளவு ஒதுக்கச் சொல்லுங்கள். லாட் மாறினால் அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகளும் மாறும், எர்க்கின் அடிமட்டமே நகர்ந்துவிடும்.

3. பிளாஸ்மிட்டைப் பெருக்குதல்

ஆட்ஜீன் அனுப்புவது அகாரில் குத்திய பாக்டீரியா. வந்த அன்றே ஆம்பிசிலின் 100 மைக்ரோகிராம்/மில்லி உள்ள தட்டில் கோடிழுத்து, தனிக் காலனி எடுங்கள். குத்திய குழாயிலிருந்து நேரடியாகத் திரவ வளர்ப்புக்குப் போகாதீர்கள். லென்டிவைரஸ் பிளாஸ்மிட்டின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதால் நடுப்பகுதி கழன்றுபோகும் வாய்ப்பு உண்டு. எஸ்டிபிஎல்3 வகை பாக்டீரியாவில், 30 டிகிரியில் வளர்த்தால் அது குறையும். மிடிப்ரெப் முடிந்ததும் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் வெட்டு போட்டுப் பாருங்கள்.

4. வைரஸும் நிலையான செல்லும்

10 செ.மீ. தட்டில் முந்தின நாள் எச்ஈகே 293டி செல் 50 முதல் 60 லட்சம். மறுநாள் சென்சார் பிளாஸ்மிட் 10, பிஎஸ்பேக்ஸ்2 7.5, பிஎம்டி2.ஜி 2.5 என மொத்தம் 20 மைக்ரோகிராம் டிஎன்ஏவை சீரம் இல்லாத மீடியா 1 மில்லியில் கலந்து, 1 மில்லிகிராம்/மில்லி பிஈஐ (டிஎன்ஏவைச் செல்லுக்குள் புகுத்தும் பாலிமர்) 60 மைக்ரோலிட்டர் சேருங்கள். 15 நிமிடம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 48, 72 மணி நேரத்தில் மேல்திரவத்தை எடுத்து 0.45 மைக்ரான் பிஈஎஸ் வடிகட்டியில் வடிக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் வடிகட்டி வைரஸைப் பிடித்துக்கொள்ளும். உறைய வைத்து எடுத்தால் வீரியம் கணிசமாகக் குறையும், முடிந்தால் புதிதாகவே பயன்படுத்துங்கள்.

இலக்குச் செல்லில் பாலிப்ரீன் 8 மைக்ரோகிராம்/மில்லியோடு வைரஸைப் பல நீர்ப்பில் விடுங்கள். நான்கில் ஒரு செல் மட்டும் பச்சையாகத் தெரியும் நீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'எல்லாமே பச்சை, அருமை' என்று தோன்றும் தட்டைத்தான் தூக்கிப்போட வேண்டும். ஒரு செல்லுக்குள் பல பிரதிகள் புகுந்து சென்சார் அளவுக்கு மிஞ்சிவிட்டால், இருக்கும் எர்க்கால் அத்தனையையும் பாஸ்பேட் ஏற்ற முடியாது. செல் பளிச்சென்று ஒளிரும், மருந்துக்கு அசையாது.

சென்சார் புகாத செல்லைக் கொல்லும் ப்யூரோமைசினின் அளவை ஊகிக்காதீர்கள். வைரஸ் படாத செல்லில் 0.25 முதல் 4 மைக்ரோகிராம்/மில்லிவரை இரட்டிப்பாகப் போட்டு, மூன்று நாளில் முழுவதும் கொல்லும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். அதன்பின் ஒளியளவைக் கொண்டு செல்லைப் பிரிக்கும் ஃபாக்ஸ் கருவியில் பிரித்து, மங்கலும் இல்லாமல் மிகப் பிரகாசமும் இல்லாமல் நடுவில் உள்ள 30 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கியதும் முதல் வேலை குறைந்தது 20 வயல் உறைய வைப்பது. பராமரிக்கும்போது ப்யூரோமைசின் இருக்கட்டும், சோதனைக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்திவிடுங்கள். 10, 15 பாசேஜ் ஆனதும் புது வயலுக்குப் போய்விடுங்கள். சென்சார் மரபணுவை இயக்கும் சிஎம்வி புரொமோட்டர் மெல்ல மெல்ல அடங்கிப்போகும்.

பிளாஸ்மிட் கையில் வந்ததிலிருந்து இதுவரை வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

5. சென்சார் உண்மை சொல்கிறதா?

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேரே மருந்துத் தொகுப்பை ஓட்டுபவர்கள்தான் கடைசியில் அதிகம் தவிக்கிறார்கள். ஏ549-ஐ 0.5 சதவீத சீரத்தில் ஓர் இரவு வைத்து, ஈஜிஎஃப்ஆரைத் தூண்டும் ஈஜிஎஃப் 20 நானோகிராம்/மில்லி சேருங்கள். 5 முதல் 10 நிமிடத்தில் விகிதம் ஏற வேண்டும். பிறகு ட்ரமெடினிப் 100 நானோமோலார்; அரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். பிசி-9-க்கு ஈஜிஎஃப் தேவையில்லை, அதன் பாதை தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மருந்தை மட்டும் போட்டுப் பாருங்கள். இதே நேரப் புள்ளிகளில் செல்லை உடைத்து, பாஸ்பேட் ஏறிய எர்க்குக்கு (பாஸ்போ-எர்க்) வெஸ்டர்ன் பிளாட் ஓட்டிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் ஐந்தாம் படியைத் தாண்டாதீர்கள்.

6. மருந்துக் கரைசல்

புட்டியில் உப்பு வடிவமா, தனி மூலக்கூறா என்று படியுங்கள். ஓசிமெர்டினிப்பின் மூலக்கூறு எடை தனியாக 499.6, மீசிலேட் உப்பாக 595.7. மாற்றிக் கணக்கிட்டால் எல்லாப் புள்ளிகளும் ஆறில் ஒரு பங்கு தள்ளிப்போகும். ஜெஃபிடினிப் 446.9, ஆக 10 மில்லிமோலாருக்கு மில்லிக்கு 4.47 மில்லிகிராம். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் திறந்து வைத்த புட்டி சில நாளிலேயே தண்ணீர் கலந்ததாகிவிடும். 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். எடுத்த குழாயைத் திரும்ப வைக்காதீர்கள்.

தொடர் நீர்ப்பை டிஎம்எஸ்ஓவிலேயே செய்யுங்கள், மீடியாவில் அல்ல. இந்த மருந்துகள் தண்ணீரை வெறுப்பவை, மீடியாவில் படிப்படியாக நீர்த்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டும் படிந்தும் போகும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 1 மைக்ரோலிட்டரை 99 மைக்ரோலிட்டர் மீடியாவில் கலந்து, அதில் 10-ஐ, 90 மைக்ரோலிட்டர் மீடியா உள்ள குழியில் விட வேண்டும். கடைசியில் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம், எல்லாக் குழியிலும் ஒரே அளவு. மருந்தில்லாத குழிகளுக்கும் அதே அளவு உண்டு.

7. பிளேட் நாள்

சுற்றியுள்ள 36 குழிகளில் பிபிஎஸ் ஊற்றிவிடுங்கள், ஓரக் குழி காய்ந்து மருந்துச் செறிவு ஏறிவிடும். மிஞ்சுவது 60. அதில் ஆறு டிஎம்எஸ்ஓ, ஆறு ட்ரமெடினிப் 100 நானோமோலார், மீதி 48-இல் இரண்டு மருந்து, எட்டுச் செறிவு, மூன்று மறுபிரதி. கட்டுப்பாட்டுக் குழிகளை ஒரே நெடுவரிசையில் அடுக்காமல் பிளேட் முழுக்கப் பரப்புங்கள்.

மேல் செறிவு 10 மைக்ரோமோலார், மும்மடங்கு நீர்ப்பு என்றால் எட்டாவது புள்ளி சுமார் 4.6 நானோமோலார். ஜெஃபிடினிப்புக்கு இது சரி. ட்ரமெடினிப்புக்கு இதே ஏணி போட்டால் கீழ்ப்படியிலேயே எர்க் அடங்கிக் கிடக்கும், வளைவே வராது. அதை 100 நானோமோலாரில் தொடங்குங்கள்.

குழிக்கு 6,000 முதல் 8,000 செல், ஃபீனால் ரெட் இல்லாத மீடியாவில். விதைத்ததும் உடனே இன்குபேட்டருக்குள் தள்ளாதீர்கள். அரை மணி நேரம் ஹூட்டிலேயே அசையாமல் வைத்தால் செல் சமமாக அமரும். உடனே வைத்தால் சூட்டில் மீடியா சுழன்று எல்லாம் ஓரத்தில் வளையமாக ஒதுங்கும். மறுநாள் மருந்து விடும்போது மருந்துத் தட்டு 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த மீடியாவை வேகமாகப் பீய்ச்சினாலே செல் அதிர்ந்து எர்க் துள்ளும். அந்தத் துள்ளலை மருந்தின் விளைவு என்று நம்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

8. படம் எடுத்தல்

மருந்துக்கு முன் ஒரு படம் கட்டாயம். பிறகு 15, 30, 60 நிமிடம், 4 மணி, 24 மணி. முதல் மணி நேரம் மருந்து தொட்டதா என்று சொல்லும், 24-ஆவது மணி செல் தப்பிக்க வழி கண்டுபிடித்ததா என்று சொல்லும். ஏ375-இல் பிராஃப் தடுப்பு மருந்து போட்டால் எர்க் முதலில் விழுந்து, மறுநாள் ஓரளவு எழும். ஒரே நேரப் புள்ளியில் படம் எடுத்து நிறுத்தினால் இது கண்ணில் படாது.

20 மடங்கு லென்ஸ் போதும். நுண்ணோக்கியில் கார்பன் டைஆக்சைடு அறை இல்லையென்றால் 20 மில்லிமோலார் ஹெப்பீஸ் சேருங்கள், இல்லாவிட்டால் பிஎச் ஏறும். சிவப்பு எச்2பி இல்லாமல் ஹெக்ஸ்ட் சாயம் போடுபவர்கள் அதைக் கடைசிப் புள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புற ஊதா ஒளியில் திரும்பத் திரும்பப் படமெடுத்தால் அதுவே டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். அந்தச் சாயத்தில் உட்கருவுக்கு வெளியே தூசி தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தால் மைக்கோபிளாஸ்மா. சோதனையை நிறுத்துங்கள்.

சில மருந்துகள் தாமே ஒளிரும். சூனிடினிப் பச்சை அலைவரிசையில் லைசோசோமில் தேங்கி ஒளிரும், டாக்சோரூபிசின் சிவப்பில். சென்சார் இல்லாத தாய்ச் செல்லுக்கும் அதே மருந்தைப் போட்டு ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தச் சந்தேகம் அன்றைக்கே தீரும்.

9. எண்ணாக மாற்றுதல்

படப் பகுப்பாய்வு மென்பொருளான செல்ப்ரொஃபைலர் இலவசம், போதுமானது. வரிசை: பின்புல ஒளியைக் கழித்தல், சிவப்புப் படத்தில் உட்கருவைக் கண்டறிதல், அதன் விளிம்பிலிருந்து 1 மைக்ரோமீட்டர் விட்டு 3 மைக்ரோமீட்டர் அகல வளையம் வரைதல், வளையத்தின் பச்சையை உட்கருவின் பச்சையால் வகுத்தல். பின்புலத்தைக் கழிக்க மறந்தால் மேலும் கீழும் ஒரே எண் கூடி, எல்லா விகிதமும் 1-ஐ நோக்கி நசுங்கும். நல்ல மருந்தும் சுமாராகத் தெரிவதற்குப் பாதி நேரம் காரணம் இதுவே.

உருண்டு திரண்ட செல்களை விலக்குங்கள். பிரியும் கட்டத்தை நெருங்கும் செல்லில் செல் பிரிவை இயக்கும் சிடிகே1 கைனேஸ் இந்தச் சென்சாரைத் தொடும், எர்க் அடங்கியிருந்தாலும் சென்சார் வெளியே நிற்கும். செத்துக்கொண்டிருக்கும் செல்லில் உட்கருச் சவ்வே கிழிந்து விகிதம் அர்த்தமற்றுப் போகும். குழிக்கு 200 செல்லாவது எண்ணி, சராசரிக்குப் பதில் இடைநிலை எடுங்கள். எர்க் சில செல்களில் துடித்துத் துடித்து எழும் இயல்புடையது, நாலைந்து செல் சராசரியை இழுத்துவிடும்.

பிளேட்டின் தரத்துக்கு இசட் பிரைம். மேல், கீழ்க் கட்டுப்பாடுகளின் திட்ட விலக்கங்களைக் கூட்டி 3-ஆல் பெருக்கி, சராசரிகளின் இடைவெளியால் வகுத்து, 1-இலிருந்து கழியுங்கள். டிஎம்எஸ்ஓ 1.4, விலக்கம் 0.08; ட்ரமெடினிப் 0.6, விலக்கம் 0.04 என்றால் 0.36-ஐ 0.8-ஆல் வகுக்க 0.45, இசட் பிரைம் 0.55. 0.5-க்கு மேல் என்றால் நல்ல பிளேட். வெவ்வேறு மூன்று நாளில் இது வராமல் மருந்துத் தொகுப்பைத் தொடாதீர்கள். குறைவாக வந்தால் பெரும்பாலும் செல் அடர்த்தி சீரில்லை அல்லது சென்சார் பிரகாசம் பரந்து கிடக்கிறது. நான்காம் படிக்குத் திரும்பி மறுபடி ஃபாக்ஸ் செய்வதே வழி.

10. கிடைத்த மருந்தை உறுதிப்படுத்தல்

விகிதத்தை இறக்கிய ஒவ்வொரு மருந்தையும் புதுப் பொடியிலிருந்து மறுபடி கரைத்து ஓட்டுங்கள். பாஸ்போ-எர்க் வெஸ்டர்னோடு பாஸ்போ-ஈஜிஎஃப்ஆரும் பாருங்கள். ஈஜிஎஃப்ஆர் அப்படியே இருந்து எர்க் மட்டும் குறைந்தால் மருந்து கீழே எங்கோ பிடிக்கிறது. 72 மணி நேர உயிர்ப்புச் சோதனையை இப்போது செய்யலாம், அந்த எண்ணுக்கு இனிமேல்தான் பொருள் உண்டு.

ஓசிமெர்டினிப் போல இலக்கோடு நிரந்தரமாகப் பிணைவதா என்று அறிய, இரண்டு மணி நேரம் மருந்தில் வைத்து, வெதுவெதுப்பான மீடியாவில் மூன்று முறை கழுவி, தொடர்ந்து படமெடுங்கள். ஜெஃபிடினிப் போட்ட பிசி-9-இல் விகிதம் மெல்ல ஏறும், ஓசிமெர்டினிப் போட்டதில் நெடுநேரம் கீழேயே நிற்கும். இத்தகைய மருந்துகளின் ஐசி50 (பாதியளவு அடக்கும் செறிவு) நேரத்தோடு நகரும். ஆகவே எந்த நிமிடத்தில் அளந்த எண் என்பதையும் அட்டவணையில் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.